அம்மாவின் தெர்மாமீட்டர் நோட்டு

உங்க வீட்டு ஃப்ரிட்ஜ் மேலயோ, சாமி படத்துக்குப் பக்கத்துலயோ ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பா இருக்கான்னு ஒருதடவை பாருங்க. காலையில எந்திரிச்சதும் வெறும் வயித்துல அதுல இருந்து ஒரு மாத்திரை போடுவாங்க. பெரும்பாலும் அம்மா. இல்லைன்னா பெரியம்மா, அத்தை, கல்யாணமாகிப் போன அக்கா. தைரோநார்மோ எல்ட்ராக்ஸினோ, டப்பா மேல பேர் எதுவா இருந்தாலும் உள்ளே இருக்கிற மருந்து ஒண்ணுதான்: லெவோதைராக்ஸின். சென்னை உட்பட எட்டு இந்திய நகரங்களில் எடுத்த ஓர் ஆய்வு 2013-இல் வெளியானது. அதில் பெரியவர்களில் ஏறக்குறைய 11 சதவீதம் பேருக்குத் தைராய்டு ஹார்மோன் குறைபாடு இருந்தது. ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். எங்க கிளாஸ்ல சும்மா ஒரு நாள் கேட்டுப் பார்த்தேன். அறுபது பேர்ல ஒன்பது பேர் வீட்ல அந்த டப்பா இருக்கு.

"அம்மாவுக்குத் தைராய்டு இருக்கு"ன்னு நாம எல்லாரும் சொல்றோம். தைராய்டு எல்லாருக்கும்தான் இருக்கு. கழுத்துல, குரல்வளைக்குக் கீழே, பட்டாம்பூச்சி மாதிரி ஒரு சுரப்பி. அது வேலையைக் குறைச்சுக்கிட்டா உடம்பு முழுக்க வேகம் குறையுது: சோர்வு, எடை ஏறுதல், மலச்சிக்கல், முடி கொட்டுதல், முகம் வீங்குன மாதிரி இருக்கிறது. அதோட குளிர். இந்தக் கட்டுரை முக்கியமா அந்தக் குளிரைப் பத்தினது.

எங்க ஊர் ராஜபாளையம். மே மாசம் எப்படி இருக்கும்னு தெரிஞ்சவங்களுக்குத் தெரியும். மலை பக்கத்துலயே இருந்தும் ஊருக்குள்ள மொட்டை மாடில கால் வைக்க முடியாது. அந்த வெயில்ல எங்க அம்மா ஃபேனை அமத்திட்டு, முந்தானையைப் போத்திக்கிட்டு உட்கார்ந்திருப்பாங்க. நாலு வருஷத்துக்கு முன்னாடி முதல்முறை டெஸ்ட் எடுத்தப்போ டி.எஸ்.எச். 42 இருந்துச்சு. சாதாரணமா 4, 5-க்குள்ள இருக்கணும். டாக்டர் 50 மைக்ரோகிராம்ல ஆரம்பிச்சு 75-ல கொண்டுவந்து நிறுத்தினார். டி.எஸ்.எச். 2, 3-ன்னு வந்து நின்னுடுச்சு. முகவீக்கம் போச்சு. குளிர் மட்டும் முழுசாப் போகல.

கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பர் எழுதினவங்களுக்கு இதைப் புரியவைக்கிறது சுலபம். மூளைக்கு அடியில இருக்கிற பிட்யூட்டரிதான் கன்ட்ரோலர். ரத்தத்துல டி4 எவ்வளவு இருக்குன்னு பார்த்துக்கிட்டே இருக்கும். குறைஞ்சா டி.எஸ்.எச்.-ஐக் கூட்டும், "இன்னும் சுரந்து விடு"ன்னு சொல்றதுக்கு. கூடினா டி.எஸ்.எச்.-ஐக் குறைக்கும். நெகட்டிவ் ஃபீட்பேக். இந்த கன்ட்ரோலரோட கெய்ன் ரொம்ப அதிகம். டி4 பாதியாகக் குறைந்தால் டி.எஸ்.எச். ஏறக்குறைய நூறு மடங்கு கூடும். அதனாலதான் டாக்டர்கள் முதல்ல டி.எஸ்.எச்.-ஐப் பார்க்குறாங்க, சின்ன மாற்றம்கூட அதுல பெருசாத் தெரியும். ஆறு வாரம் கழிச்சு வாங்கன்னு சொல்றதுக்கும் கணக்கு இருக்கு. டி4-இன் அரை ஆயுள் சுமார் ஏழு நாள். அஞ்சு அரை ஆயுள் போனாத்தான் புது அளவு நிலைக்கு வரும். 35 நாள், அதோட ஒரு வாரம் தாராளம்.

இந்த நேரத்துல சித்தி வர்றாங்க. அம்மாவோட தங்கச்சி, அமெரிக்காவுல இருக்காங்க. அவங்களுக்கும் தைராய்டு குறைவு. சித்தியைக் கிண்டல் பண்ண எனக்கு மனசு வராது. ஏன்னா வீட்ல எல்லாரும் "உனக்கு எப்பவும் இதே பாட்டு"ன்னு சொன்னப்போ, "அக்கா, உனக்குக் குளிருதுன்னா குளிருதுதான்"னு அம்மா சொன்னதை அப்படியே நம்பின ஒரே ஆள் அவங்கதான். அவங்க சொன்னது இது: ரிப்போர்ட்டை நம்பாதே. காலையில படுக்கையை விட்டு எந்திரிக்கிறதுக்கு முன்னாடி தெர்மாமீட்டர் வெச்சுப் பாரு. 98.6-க்குக் கீழே இருந்தா உன் உடம்புக்கு ஹார்மோன் பத்தல. டி3 மாத்திரை சேர்த்துக்கோ, 98.6 வர்ற வரைக்கும் கூட்டிக்கிட்டே போ. கூடவே அயோடின் சொட்டு, அஸ்வகந்தா, செலினியம். முடிக்கு பயோட்டின்.

அம்மா ஒரு நாப்பது பக்க நோட்டு வாங்கினாங்க. தேதி, மணி, சூடு. 97.1. 96.9. 97.3. 97.0. ஒரு நாள்கூட 98.6 இல்ல. "பாத்தியா பாப்பா, நான் சொன்னா யாரும் கேக்கல"ன்னு நோட்டை நீட்டுனாங்க. 21 வயசுலயும் வீட்ல நான் பாப்பாதான், அதை விடுங்க.

நான் படிக்கிறது இன்ஸ்ட்ருமென்டேஷன். அளவைப் பார்த்ததும் முதல்ல சென்சார் மேலதான் சந்தேகம் வரும். செமஸ்டர் லீவுல ஒரு வாரம் வீட்ல இருந்த எல்லாருக்கும் அதே தெர்மாமீட்டரை நாக்குக்கு அடியில வெச்சேன். தம்பி 97.5. நான் 97.0. அப்பா மில்லுல நைட் ஷிஃப்ட் முடிச்சு வந்த காலையில 97.9, லீவு நாள்ல தூங்கி எந்திரிச்சா 97.2. ஸ்ரீவில்லிபுத்தூர்ல அம்மாச்சி 96.8. அவங்களுக்கு எந்தத் தைராய்டு குறையும் இல்ல. ஆண்டாள் கோயிலுக்குத் தினம் நடந்தே போயிட்டு வர்றவங்க. எங்க குடும்பத்துல ஒருத்தருமே 98.6 இல்ல.

அப்போ இந்த 98.6 எங்கிருந்து வந்துச்சு? ஜெர்மனியில லைப்சிக் நகரத்து மருத்துவர் கார்ல் வுண்டர்லிஷ். சுமார் 25,000 நோயாளிகளிடம் அக்குளில் தெர்மாமீட்டர் வைத்து எடுத்த அளவுகளை வைத்து 1868-இல் ஒரு புத்தகம் போட்டார். மனித உடம்பின் சராசரிச் சூடு 37 டிகிரி செல்சியஸ் என்றார். அது ஒரு முழு எண். அதை ஃபாரன்ஹீட்டுக்கு மாத்தினா 98.6 வரும். தசமப் புள்ளியோட வந்ததும் ஏதோ துல்லியமா அளந்த மாதிரி ஒரு தோற்றம் வந்துடுச்சு. நம்ம ஃபிசிக்ஸ் லேப்ல சிக்னிஃபிகன்ட் ஃபிகர்ஸ் தப்பா எழுதினா அரை மார்க் போகும். இங்க நூத்தம்பது வருஷமா யாரும் மார்க்கைக் குறைக்கல. 1992-இல் அமெரிக்காவில் மக்கோவியாக் என்ற மருத்துவரும் அவர் குழுவும் ஆரோக்கியமான 148 பேரை அளந்தார்கள். சராசரி 98.2. அதுவும் நாள் முழுக்க எடுத்த சராசரி. விடியற்காலையில உடம்புச் சூடு நாளிலேயே மிகக் குறைவாக இருக்கும், சாயங்காலம் கூடும். மாதவிடாய் சுழற்சியின் பிற்பாதியில் பெண்களுக்குக் கொஞ்சம் ஏறும். வயதானால் குறையும். ஸ்டான்ஃபோர்டில் இருந்து 2020-இல் வந்த ஓர் ஆய்வு, அமெரிக்கர்களின் சராசரி உடம்புச் சூடே பத்தொன்பதாம் நூற்றாண்டில் இருந்து மெல்ல இறங்கிக்கொண்டு வருவதாகக் காட்டியது. தொற்று நோய்கள் குறைந்தது ஒரு காரணமாக இருக்கலாம் என்கிறார்கள்.

சூட்டுக்கும் தைராய்டுக்கும் சம்பந்தமே இல்லைன்னு நான் சொல்ல வரல. தைராய்டு ஹார்மோன்தான் செல்லுக்குள்ள எரியுற அடுப்பைக் கூட்டிக் குறைக்குது. ரொம்பக் கடுமையாகக் குறைந்தவர்களுக்கு உடம்பு ஆபத்தான அளவுக்கே குளிர்ந்து போகும். ப்ரோடா பார்ன்ஸ் என்கிற அமெரிக்க மருத்துவர் 1942-இல் காலை நேர அக்குள் சூட்டை வைத்துத் தைராய்டு குறைவைக் கண்டுபிடிக்கலாம் என்று எழுதினார். அப்போ டி.எஸ்.எச்.-ஐ ரத்தத்தில் அளக்க வழியே கிடையாது. கையில இருந்த சென்சாரை வெச்சு அவர் முயற்சி பண்ணினார், அது நியாயம். நல்ல சென்சார் வந்தப்புறமும் பழைய சென்சாரைக் கட்டிக்கிட்டு அழுறதுதான் பிரச்சினை.

சித்தி சொன்ன முறைக்கும் ஒரு வரலாறு இருக்கு. டெனிஸ் வில்சன் என்று ஃப்ளோரிடாவில் ஒரு மருத்துவர். ரத்தப் பரிசோதனை சரியாக இருந்தாலும் சூடு 98.6-க்குக் கீழே இருந்தால் அது ஒரு நோய் என்றார். 1980-களின் கடைசியில் அதற்குத் தன் பெயரையே வைத்தார். வைத்தியம், 12 மணி நேரத்துக்கு ஒருமுறை டி3, சூடு ஏறும்வரை அளவைக் கூட்டுவது. அவரிடம் அளவுக்கு அதிகமாகத் தைராய்டு ஹார்மோன் எடுத்த ஒரு பெண் 1988-இல் இதயத் துடிப்பு தாறுமாறாகி இறந்துபோனார். 1992-இல் ஃப்ளோரிடா மருத்துவ வாரியம் அவருடைய உரிமத்தை ஆறு மாதம் நிறுத்திவைத்து அபராதமும் போட்டது. அமெரிக்கத் தைராய்டு சங்கம் அப்படி ஒரு நோய் இருப்பதற்கு ஆதாரம் இல்லை என்று 1999-இல் அறிக்கை விட்டது.

இதைப் படிச்சப்போ எனக்கு இன்டக்ரேட்டர் வைண்டப்தான் ஞாபகம் வந்துச்சு. ஜன்னலைத் திறந்து வெச்சுட்டு ஏ.சி.யை 16-ல போட்டா என்ன ஆகும்? ரூம் 16-க்கு வரவே வராது. கம்ப்ரெஸர் நிக்காம ஓடும். 98.6-ங்கிற எட்டாத செட்பாயின்ட்டை வெச்சுட்டு டி3-ஐக் கூட்டிக்கிட்டே போனா, இங்க ஓடுற கம்ப்ரெஸர் நம்ம இதயம். டி4 மாதிரி டி3 மெதுவா ஏறி மெதுவா இறங்காது. அரை ஆயுள் ஒரு நாள் கணக்குதான். சீக்கிரம் ஏறும், படபடப்பா அடிக்கும். எலும்பும் தேயும். டி4 மட்டும் எடுத்தும் சரியாகாதவங்க நிஜமாவே கொஞ்சம் பேர் இருக்காங்க; அவங்களுக்கு டி3 சேர்க்கலாமான்னு ஹார்மோன் டாக்டர்களே இன்னும் விவாதிக்கிறாங்க. அது டாக்டர் கையில நடக்க வேண்டிய விவாதம். தெர்மாமீட்டர் கையில நடக்க வேண்டியது இல்ல.

நல்லவேளை, அம்மா டி3 பக்கம் போகல. "ஹார்மோன் மாத்திரை டாக்டரைக் கேக்காம எப்படிடி"ன்னு சித்திகிட்டயே சொல்லிட்டாங்க. அயோடின் சொட்டும் தப்பிச்சுது. பாட்டிலைத் திறந்ததும் புண்ணுக்குப் போடுற மருந்து வாடை வந்துச்சுன்னு மூடி வெச்சுட்டாங்க. அது எவ்வளவு பெரிய தப்பிப்புன்னு அப்புறம் கணக்குப் போட்டேன். ஒருத்தருக்கு ஒரு நாளைக்கு வேண்டிய அயோடின் 150 மைக்ரோகிராம். லூகால் கரைசல்னு விக்கிற 5 சதவீத அயோடின்ல ஒரு சொட்டுல சுமார் 6 மில்லிகிராம் இருக்கு. நாப்பது நாள் தேவை ஒரே சொட்டுல. ஒரு காலத்துல நம்ம நாட்டுல அயோடின் குறைவுதான் பெரிய பிரச்சினை. இமாச்சலத்துல காங்க்ரா பள்ளத்தாக்குல கழலை வந்த ஊர்களுக்கு அயோடின் கலந்த உப்பு கொடுத்து, கழலை குறையுதுன்னு 1956-இல் தொடங்கின ஆய்வுல ராமலிங்கஸ்வாமி குழு காட்டினாங்க. 1962-இல் அரசுத் திட்டமே வந்தது. இன்னைக்கு அயோடின் கலந்த உப்பு பாக்கெட் எல்லா மளிகைக் கடையிலயும் இருக்கு. இப்போ நிறைய பேருக்கு வர்ற குறைபாடு, நம்ம எதிர்ப்புச் சக்தியே சுரப்பியைத் தாக்குறதால வர்றது. அந்தச் சுரப்பி மேல அயோடினைக் கொட்டினா இன்னும் படுத்துக்கும்.

அஸ்வகந்தா நமக்குப் புதுசு இல்ல, நாட்டு மருந்துக் கடை அமுக்கராதான். அதையும் சும்மா சத்து மருந்துன்னு நினைக்க முடியாது. அதை எடுத்தவங்க சிலருக்குத் தைராய்டு ஹார்மோன் அளவுக்கு மேல ஏறின கேஸ்கள் மருத்துவ இதழ்கள்ல பதிவாகியிருக்கு.

ஆனா எங்க வீட்ல பிரச்சினை பண்ணினது இதுல எதுவுமே இல்ல. யாரும் சந்தேகப்படாத பயோட்டின்.

சித்தி ஊருக்கு வந்த ஒருத்தர் மூலமா ரெண்டு பாட்டில் கொடுத்து விட்டிருந்தாங்க. முடிக்கான வைட்டமின், ஒரு மாத்திரையில 10,000 மைக்ரோகிராம். உடம்புக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 30. அம்மா தினமும் ஒண்ணு போட்டாங்க. ரெண்டு மாசம் கழிச்சு வழக்கமான டெஸ்ட். டி.எஸ்.எச். 0.08, டி4 எல்லைக்கு மேல. எந்த டாக்டரா இருந்தாலும் அந்த ரிப்போர்ட்டைப் பார்த்தா மாத்திரை கூடிப்போச்சுன்னுதான் சொல்லுவாங்க. 75-ஐ 50 ஆக்கினார். அடுத்த ஆறு வாரத்துல அம்மா முகம் மறுபடியும் வீங்க ஆரம்பிச்சுது. மாடிப்படி ஏற முடியல. மறதி. கேஸ் அடுப்புல பாலை வெச்சுட்டு ரெண்டு தடவை தீய விட்டுட்டாங்க. திரும்ப டெஸ்ட் எடுத்தா டி.எஸ்.எச். 0.3. ரிப்போர்ட் "அதிகம்"னு சொல்லுது, ஆள் "குறைவு"ன்னு சொல்லுது. டாக்டர் நிதானமானவர். "இன்னும் குறைக்கிறதுக்கு முன்னாடி வேற லேப்ல ஒருதடவை பார்த்துடலாம்"னார்.

அம்மாச்சியைப் பார்க்கப் போன சாக்குல ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஒரு சின்ன லேபுக்குப் போனோம். ரத்தம் எடுக்கிற அக்கா ஊசியைக் கையில வெச்சுக்கிட்டே கேட்டாங்க: "முடிக்கு ஏதும் மாத்திரை சாப்பிடுறீங்களாம்மா?" ஆமான்னாங்க அம்மா. அக்கா ஊசியைக் கீழே வெச்சுட்டாங்க. "மூணு நாள் அதை நிறுத்திட்டு வாங்க. இப்போ எடுத்தா உங்க காசுதான் வேஸ்ட்."

எப்படின்னு நான் போய்ப் படிச்சேன். பல லேப் மெஷின்கள்ல ரத்தத்துல இருக்கிற டி.எஸ்.எச்.-ஐப் பிடிக்கிற ஆன்டிபாடியோட வால்ல ஒரு பயோட்டின் ஒட்டியிருக்கும். அந்த பயோட்டின் போய் ஸ்ட்ரெப்டாவிடின்னு ஒரு புரதத்துல உட்காரும். உட்கார்ந்ததை மட்டும் மெஷின் எண்ணும், மத்ததைக் கழுவி விட்டுடும். ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டுல ஜன்னல் வழியா துண்டு போட்டு சீட்டு பிடிப்பாங்கள்ல, அதே கதைதான். ரத்தத்துல ஏற்கெனவே மிதக்கிற பயோட்டின் எல்லா சீட்டுக்கும் துண்டு போட்டுடுது. டி.எஸ்.எச். நிக்க இடம் இல்லாம இறங்கிடுது. மெஷின் எண்ணிப் பார்த்துட்டு "டி.எஸ்.எச். ரொம்பக் கம்மி"ன்னு எழுதுது. டி4 டெஸ்ட் தலைகீழா வேலை செய்யுறது. அங்க அதே காரணத்தால "ரொம்ப அதிகம்"னு வரும். ரெண்டும் சேர்ந்து வர்றதால பார்க்க அச்சு அசலா மாத்திரை கூடின மாதிரியே இருக்கும். எல்லா மெஷின்லயும் இது நடக்காது, கிட்டைப் பொறுத்தது. அமெரிக்காவோட உணவு மருந்து நிர்வாகம் 2017-இல் இதைப் பத்தி எச்சரிக்கை கொடுத்தது. மாரடைப்பைக் கண்டுபிடிக்கிற ட்ரோபோனின் டெஸ்ட் இதே மாதிரி பொய்யாக் குறைச்சுக் காட்டி ஒருத்தர் இறந்ததையும் அதுல சொல்லியிருந்தாங்க.

மூணு நாள் கழிச்சு எடுத்த டெஸ்ட்ல டி.எஸ்.எச். 19.

டாக்டர் 75-க்குத் திரும்பினார். கூடவே வேற சில டெஸ்ட்டும் எழுதினார். ஹீமோகுளோபின் 9.1, இரும்புச் சத்தும் அடிமட்டம். இரும்பு குறைஞ்சாலும் குளிரும், சோர்வு வரும், முடி கொட்டும். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்புப்படி 15-லிருந்து 49 வயது வரை உள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அப்படின்னா அம்மாவோட குளிர் பொய் இல்ல, சித்தி நம்பினது தப்பு இல்ல. தெர்மாமீட்டருக்கு அதோட காரணம் தெரியாது, அவ்வளவுதான். நாலு வருஷமா வீட்ல எல்லாரும் எல்லாத்துக்கும் தைராய்டு மேல பழியைப் போட்டுட்டு, ஹீமோகுளோபினைப் பார்க்கவே இல்ல.

ஆனா இரும்பு மாத்திரை வந்ததும் புதுச் சிக்கல். இரும்பும் கால்சியமும் வயித்துக்குள்ள லெவோதைராக்ஸினைப் பிடிச்சு வெச்சுக்கும், உடம்புக்குள்ள போக விடாது. நாலு மணி நேர இடைவெளி வேணும். காபியும் உறிஞ்சுறதைக் குறைக்கும். எங்க அம்மா அஞ்சரைக்கு மாத்திரை, அஞ்சே முக்காலுக்குக் கெட்டிப் பால் காபி. மார்கழியில அம்மாச்சி வீட்டுக்குப் போனா இன்னும் மோசம். விடியுறதுக்கு முன்னாடி கோயில், வந்ததும் யாராவது ஒரு துண்டு பால்கோவா கையில வெப்பாங்க. 2019-இல் புவிசார் குறியீடு வாங்கின பால்கோவாவை வேண்டாம்னு சொல்ல ஸ்ரீவில்லிபுத்தூர்ல பிறந்தவங்களால முடியுமா? சுண்டக் காய்ச்சின பால், வேற என்ன சொல்ல.

அந்த மாத்திரையோட பூர்வீகத்தை அம்மாகிட்ட சொன்னேன். 1891-இல் இங்கிலாந்துல ஜார்ஜ் மர்ரேன்னு ஒரு டாக்டர், தைராய்டு செத்துப்போன 46 வயசு அம்மா ஒருத்தருக்கு ஆட்டுத் தைராய்டுச் சாறை ஊசியாப் போட்டார். அந்தம்மா பிழைச்சு 74 வயசு வரைக்கும் இருந்தாங்க. அந்த 28 வருஷத்துக்கு அவங்களுக்குன்னு எடுத்த சாறு 870-க்கும் மேற்பட்ட ஆடுகள்ல இருந்து. கேட்டுட்டு அம்மா கொஞ்ச நேரம் பேசாம இருந்தாங்க. "என் வயசுதான் அந்தப் பொம்பளைக்கும்"னாங்க.

இப்போ ஏற்பாடு இப்படி. அஞ்சு மணிக்குத் தண்ணியோட தைராய்டு மாத்திரை. ஆறு மணிக்குக் காபி. இரும்பு மாத்திரை மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம். டப்பாவை அடுப்புக்கு மேல இருந்த ஷெல்ஃப்ல இருந்து பெட்ரூமுக்கு மாத்தியாச்சு. அதுக்கு ஈரமும் சூடும் ஆகாது. தெர்மாமீட்டர் நோட்டுல மிச்சம் இருந்த பக்கத்துல ரிப்போர்ட் தேதியும், அந்த வாரம் வேற என்னென்ன சாப்பிட்டாங்கன்னும் எழுதுறாங்க. போன வாரம் எடுத்தது டி.எஸ்.எச். 3.4, ஹீமோகுளோபின் 10.6. சித்திக்கு ஃபோட்டோ எடுத்து அனுப்பினேன். அவங்களும் பயோட்டினை நிறுத்திட்டு டெஸ்ட்டுக்குத் தேதி வாங்கியிருக்காங்களாம். ரிசல்ட் இன்னும் வரல.